நெய் போடலண்ணே, பட்டர்தான்

மசால் தோசை வந்தது. மடிப்பு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே உருளைக்கிழங்கின் மேல் மஞ்சளாக ஒன்று உருகி, ஓரமாக வழிந்துகொண்டிருந்தது. மகள் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

“அண்ணே, நெய் வேணாம்னு சொன்னேனே?”

பரிமாறியவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நெய் போடலண்ணே. பட்டர்தான் போட்டிருக்கு.”

ஏமாற்றும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. நெய் வேண்டாம் என்றேன், நெய் போடவில்லை. ஆனால் படிக்கிற பிள்ளைக்கு வறட்டுத் தோசையை எப்படி வைப்பது என்று யோசித்து, பிரியமாக ஒரு கட்டி வெண்ணெயை வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். கோபப்படவும் முடியவில்லை. அந்தத் தோசையை நான் சாப்பிட்டேன். அவளுக்கு இரண்டு இட்லி சொன்னேன். இட்லி வந்தபோது அதன் தலையிலும் நெய் மினுங்கியது. இட்லிக்கு வேண்டாம் என்று நான் தனியாகச் சொல்லவில்லை அல்லவா?

இது நடந்தது சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், எங்கள் வழக்கில் தேக்காவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கடை எது என்று சொல்லப்போவதில்லை. இன்றும் அங்கேதான் அடிக்கடி போகிறோம்.

எங்கள் வீட்டில் பரம்பரையாகச் சைவம். மயிலாடுதுறைப் பக்கத்து ஊர். சிங்கப்பூருக்கு வந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. ஈசூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, வாரத்துக்கு ஒரு நாள் தேக்காவில் காய்கறி, கோயில், சாப்பாடு. இந்த ஒழுங்கு மாறாமல் ஓடிக்கொண்டிருந்தது. மகள் பல்துறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷம், ஒரு நாள் இரவு தயிர்ச்சாதக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, “இனிமே பால் சாமான் எதுவும் வேண்டாம்பா” என்றாள். கன்றுக்குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பது பற்றி எதையோ பார்த்திருக்கிறாள். பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. அவள் அம்மா, இது எடை குறைக்கிற சமாசாரம், ஒரு மாசத்தில் மோர்க்குழம்புக்கு வந்துவிடுவாள் என்று சொன்னாள். மூன்றாவது வருஷம் நடக்கிறது. பி12 மாத்திரை சாப்பிடுகிறாள், அந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பாலும் கிடையாது, முட்டையும் இறைச்சியும் கிடையாது என்றால் அந்தச் சத்து சாதாரணச் சாப்பாட்டில் போதுமான அளவு வராது.

வீட்டில் சமாளிப்பது சுலபமாகத்தான் இருந்தது. தாளிப்பை எண்ணெயில் போட்டால் முடிந்தது. சிக்கல் முழுக்க வெளியே சாப்பிடும்போதுதான். அதிலும் வேடிக்கை, சிக்கல் வந்தது நம் கடைகளில். சீனர்களின் சைவக் கடையில் அவளுக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. அந்தச் சமையலில் பாலுக்குப் பெரும்பாலும் இடமில்லை. முட்டை இருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், தட்டோடு உட்கார்ந்துவிடுகிறாள். வெங்காயம், பூண்டைக்கூட விலக்கி வைத்திருக்கிற கடைகள் அவை. ‘சுத்த சைவம்’ என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டியிருக்கும் நம் கடையில்தான் ஒவ்வொரு பண்டமாக விசாரணை வைக்க வேண்டியிருக்கிறது.

காரணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நமக்குச் சைவம் என்றால் பாலும் தயிரும் நெய்யும் உள்ளே இருப்பவை. அவை இல்லாத சைவத்துக்கு நம்மிடம் பழைய சொல் கிடையாது, தேவைப்படவில்லை. வீகன் என்ற சொல்லே 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடன் சேர்ந்த சிலரும் வெஜிடேரியன் என்பதன் தலையையும் வாலையும் வெட்டி ஒட்டி உண்டாக்கியதுதான். இணையத்தில் தமிழில் ‘நனிசைவம்’ என்று எழுதுகிறார்கள். அழகான சொல். ஒரு தடவை கடையில் சொல்லிப் பார்த்தேன். கல்லாவில் இருந்த பெரியவர், “அப்படியா, தீட்சை வாங்கிருக்கீங்களா?” என்று மரியாதையாகக் கேட்டார். அதற்குப் பிறகு அந்தச் சொல்லைக் கடைக்குள் எடுத்துப் போவதில்லை.

வீகன் என்று சொன்னாலும் பாதிப் பேர், “ஆமாண்ணே, நம்ம கடை ஃபுல் வெஜ்தான்” என்கிறார்கள். ‘பால் அலர்ஜி’ என்று சொல்லிப் பார்க்கும்படி நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். வேலை செய்தது. ஆனால் மகளுக்குப் பிடிக்கவில்லை. “எனக்கு அலர்ஜி இல்லைப்பா, நான் வேண்டாம்னு சொல்றேன். அதை ஏன் பொய்யா சொல்லணும்?” என்றாள். சரி. அதனால் இப்போது நாங்கள் சொல்வது ஒரே வாக்கியம்: “பால், தயிர், நெய், வெண்ணெய் நாலும் வேணாம்ணே.” நாலு என்று எண்ணிச் சொல்ல வேண்டும். நெய் என்று மட்டும் சொன்னால் பட்டர் வரும்.

தேக்காவில் பால் வேண்டாம் என்று திரிவதே ஒரு முரண்தான். அந்த வட்டாரமே ஒரு காலத்தில் மாட்டு வியாபாரத்தால் வளர்ந்தது. ஈரச்சந்தையை ஒட்டியே பஃபலோ ரோடு. கொஞ்சம் தள்ளிக் கெர்பாவ் ரோடு, மலாயில் கெர்பாவ் என்றாலும் எருமைதான். பெண்களுக்கான பெரிய ஆஸ்பத்திரியின் பெயரில் உள்ள கண்டாங் கெர்பாவுக்கு எருமைக் கொட்டில் என்று அர்த்தம். பெலிலியோஸ் என்ற தெருப் பெயர்கூட மாட்டு வியாபாரி ஒருவருடையது. நம் ஆட்கள் இங்கே மாடு வைத்துப் பால் கறந்து வீடு வீடாக ஊற்றியிருக்கிறார்கள். இப்போதும் பொங்கல் சமயத்தில் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று பண்ணையிலிருந்து மாடுகளைக் கொண்டுவந்து கட்டுகிறார்கள். மகள் அந்த மாடுகளைப் பார்க்கத் தவறாமல் போவாள். கழுத்தைத் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் நிற்பாள்.

இரண்டு வருஷ விசாரணையில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். யாருக்காவது உதவும்.

மலிவான பண்டம்தான் பெரும்பாலும் பத்திரமானது. காசு கூடக்கூட நெய் கூடும். சாதா இட்லி, சாதா தோசை, ஊத்தப்பம், உளுந்து வடை, பூரி, சாம்பார், புளிக்குழம்பு இவற்றில் பால் சாமான் சேர வேண்டிய அவசியமே இல்லை. மேலே ஊற்றாமல் இருந்தால் போதும். அதே இட்லியைச் சின்னதாக வார்த்துச் சாம்பாரில் மிதக்கவிட்டு இரண்டு வெள்ளி கூட வாங்கும்போது, மேலே நெய் வந்துவிடும். பேப்பர் ரோஸ்ட்டின் முறுகலுக்கே நெய் ஊற்றும் கடைகள் உண்டு. பொங்கலைப் பற்றிப் பேசிப் பயனில்லை, அது நெய்யைக் கட்டி நிறுத்துவதற்காக அரிசி சேர்த்த பண்டம். வேகும்போதே நெய் உள்ளே போய்விடும், தனியாக எடுக்க முடியாது.

கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருப்பவைதான் ஆபத்து. ரவா தோசை மாவில் மோர் சேர்ப்பவர்கள் நிறைய. தேங்காய்ச் சட்னி நீர்த்துப் போனால் ஒரு கரண்டி தயிர் விட்டுக் கலக்குவது சில கடைகளில் வழக்கம். நாக்கில் லேசாகப் புளித்தால் சந்தேகப்படலாம். அவியலில் தயிர். ரசத்தின் தாளிப்பில் நெய். சப்பாத்தியைக் கல்லிலிருந்து எடுத்ததும் ஒரு தடவு. பரோட்டாவை இங்கே பிராட்டா என்பார்கள். அதன் மாவில் நெய்யோ மார்ஜரினோ, சில இடத்தில் கெட்டிப்பாலும்கூடப் போகும், அதனால் அந்தப் பக்கமே போவதில்லை.

ரவா இட்லி மேல் அவளுக்கு ஒரு காலத்தில் உயிர். பெருமாள் கோயிலுக்கு எதிரே சிராங்கூன் சாலையில் பெங்களூரின் எம்டிஆர் கடைக்கு ஒரு கிளை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அரிசி கிடைக்காமல் போனபோது ரவையை வைத்து அந்த இட்லியைச் செய்தது தாங்கள்தான் என்பது எம்டிஆர்காரர்கள் சொல்லும் கதை. அரிசி இல்லாத இடத்தில் ரவை வந்தது சரி, உளுந்து மாவு புளிக்கிற வேலையைத் தயிர் எடுத்துக்கொண்டது. அதனால் அவளுக்கு இல்லை. பெங்களூரில் எம்டிஆர் தொடங்கியதும் 1924, இங்கே ஆனந்த பவன் தொடங்கியதும் அதே 1924. நூறு வருஷமாக இரண்டு ஊரிலும் நெய் வாசனையை நம்பித்தான் பிழைப்பு ஓடியிருக்கிறது. நேற்று வந்த என் மகளுக்காக மாற்றிக்கொள்ளுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

ஆனாலும் கேட்கலாம் என்று எனக்குக் காட்டியவர் ஒரு தோசை மாஸ்டர்.

அன்றைக்குக் கூட்டம் இல்லை. மதியம் மூன்று மணி இருக்கும், மழை. பரிமாறுகிறவரிடம் என் நாலு வேண்டாம்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து மாஸ்டர் எட்டிப் பார்த்து, “இங்க வாங்கண்ணே, என்கிட்ட சொல்லுங்க” என்றார். மன்னார்குடிக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. சொன்னேன். அவர் கேட்ட கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. “கல்லுல முன்னாடி நெய் ரோஸ்ட் போட்டிருக்கேன். அது பரவாயில்லையா, கழுவணுமா?”

மகள் கூச்சத்தோடு, “முடிஞ்சா கழுவுங்க அங்கிள்” என்றாள்.

அவர் குவளைத் தண்ணீரை எடுத்துக் கல்லில் வீசினார். சுர்ரென்று ஆவி எழும்பியது. குட்டைத் துடைப்பத்தால் ஓரத்திலிருந்து ஓரம்வரை வழித்துத் தள்ளினார். மறுபடி தண்ணீர், மறுபடி துடைப்பம். இரண்டாவது தடவை தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. “இன்னும் பிசுக்கு இருக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூன்றாவது தடவையும் கழுவினார். பாதியாக நறுக்கின வெங்காயத்தைக் கரண்டிக் காம்பில் குத்தி, நல்லெண்ணெயில் தோய்த்து, கல் முழுக்கத் தேய்த்தார். பிறகு மாவு. நடுவில் ஊற்றி, கரண்டியின் அடியால் வட்டம் வட்டமாக விரித்த அந்தக் கை ஒரு தடவைகூட நெய்க் கிண்ணத்தின் பக்கம் போகவில்லை. பழக்கத்தில் போகப் பார்த்தது என்று மகள் பிறகு சொன்னாள். சுண்டு விரல் அந்தப் பக்கம் திரும்பியதாம், அவர் தானே பிடித்துக்கொண்டாராம்.

அந்தத் தோசை நெய் ரோஸ்ட்டைவிட நன்றாக இருந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நெய் ரோஸ்ட் நெய் ரோஸ்ட்தான். ஆனால் நல்லெண்ணெயும் வெங்காயமும் சேர்ந்த அந்த வாசனை, என் பாட்டி சாயங்காலத்தில் வார்க்கும் தோசையின் வாசனை. பாட்டி வீட்டில் தோசைக்கு நெய் ஊற்றி நான் பார்த்ததே இல்லை. நெய் விருந்தாளிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும்தான். தினசரிக்கு நல்லெண்ணெய். கடைக்குப் போனால் எல்லாரும் விருந்தாளி என்பதால்தானோ என்னவோ, கடைத் தோசை முழுக்க நெய்யில் முங்கிவிட்டது.

வடநாட்டுக் கடைகளில் கதை வேறு. அங்கே நெய்யை மேலே ஊற்றுவதில்லை, அடியிலேயே இருக்கிறது. பெரும்பாலான கடைகளில் காலையிலேயே முந்திரி, வெங்காயம், தக்காளி, கிரீம் எல்லாம் போட்டு இரண்டு மூன்று விதக் கிரேவியைக் காய்ச்சி வைத்துவிடுவார்கள். ஆர்டர் வந்ததும் அதிலிருந்து எடுத்துக் காயையோ பனீரையோ போட்டுக் கொதிக்கவிட்டால் நாற்பது பெயரில் நாற்பது கறி. அதில் கிரீம் இல்லாமல் கொடுங்கள் என்று கேட்டால், மேலே கோலம் போடும் கிரீமை மட்டும் விட்டுவிட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். அதனால் கிரேவி பக்கம் போகாமல் வறட்சியாகச் செய்வதைக் கேட்கப் பழகினோம். ஆலு கோபி, ஜீரா ஆலு, வெண்டைக்காய் மசாலா எல்லாம் எண்ணெயில் வதக்குபவை. பருப்பை எண்ணெயில் தாளித்துக் கொடுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் செய்துதருகிறார்கள். நான் ரொட்டி வேண்டாம், அதன் மாவில் தயிரோ பாலோ இருக்கும். தந்தூரி ரொட்டி சரி, மேலே பட்டர் தடவாமல். இத்தனையும் கேட்டு முடிப்பதற்குள் பசி போய்விடும் என்பதால் வடநாட்டுக் கடைக்குப் போவதையே குறைத்துவிட்டோம். அவளுடைய வடநாட்டுத் தோழி ஒருத்தி சொன்ன யோசனைதான் அந்தக் கடைகளில் சிறந்தது: கோபி மஞ்சூரியன் சொல்லு. மைதா, சோளமாவு, சோயா சாஸ். இந்தியக் கடையில் பால் இல்லாத பண்டம் வேண்டுமென்றால் கடைசியில் சீனச் சாயல் உள்ளதைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

சைவ இறைச்சி என்று சோயாவிலும் கோதுமையிலும் செய்து சில கடைகள் தருகிறார்கள், கோழிச்சோறு மாதிரி, மட்டன் கறி மாதிரி. எனக்கு அதைப் பார்த்தாலே ஒரு மாதிரி இருக்கும். பிறந்ததிலிருந்து தொடாத ஒன்றின் நகலை எதற்குச் சாப்பிட வேண்டும்? அவளுக்கு அந்தத் தயக்கம் இல்லை. ஆனால் அதிலும் முட்டையின் வெள்ளைக்கருவையோ பால் புரதத்தையோ ஒட்டுவதற்காகச் சேர்ப்பது உண்டு. அதனால் அதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

குடிப்பதற்குத்தான் இந்த ஊர் வழி செய்து வைத்திருக்கிறது. தே என்றால் கெட்டிப்பால் போட்ட தேநீர். தே ஓ என்றால் பால் இல்லாதது, சீனி உண்டு. ஓ என்பது ஹொக்கியன் என்ற சீன வழக்கில் கறுப்பு. தே ஓ கொசோங் என்றால் சீனியும் இல்லை, கொசோங் மலாயில் வெறுமை. ஒரு சொல்லில் முடிகிறது, யாரும் ஏன் என்று கேட்பதில்லை, முகத்தைப் பார்ப்பதில்லை. தோசைக்கும் இப்படி ஒரு ‘ஓ’ இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. ‘தோசை ஓ’. ஒரு கடையில் சொல்லியும் பார்த்தாள். ஆனியன் ஊத்தப்பம் வந்தது.

அவள் இழந்ததில் அவளுக்கே வருத்தம் தருவது ஃபில்டர் காப்பி ஒன்றுதான். வீட்டில் டிகாக்ஷனில் சோயாப் பாலை விட்டுப் பார்த்தோம். சூடான காப்பியின் புளிப்புக்குத் திரிந்து, திப்பி திப்பியாக மிதந்தது. ஓட்ஸ் பால் திரிவதில்லை, ஆனால் கஞ்சி வாசனை. டம்ளரை டபராவில் ஆற்றிக் குடிக்கிற சுகம் மட்டும் மிச்சம். இனிப்பைப் பற்றிப் பேச வேண்டாம். தீபாவளி வந்தால் அவளுக்கு எள்ளுருண்டையும் கடலை உருண்டையும், எங்களுக்கு மைசூர்பாகு.

கோமள விலாஸில் 2015 நவம்பரில் இந்தியப் பிரதமரும் சிங்கப்பூர்ப் பிரதமரும் உட்கார்ந்து தோசை சாப்பிட்டார்கள். கடை 1947-லிருந்து இருப்பது. படம் வந்தபோது மகள் சின்னப் பிள்ளை, அந்த மேசையில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தாள். இப்போது அந்தக் கதையைச் சொன்னால், “அவங்க தோசைல நெய் இருந்திச்சா?” என்று கேட்கிறாள்.

தைப்பூசத்தை எழுதாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. என் மனைவி வருஷா வருஷம் பால்குடம் எடுப்பவள். பெருமாள் கோயிலில் தொடங்கி டேங்க் ரோடு முருகன் கோயில்வரை நடை. மகள் பால் நிறுத்திய முதல் தைப்பூசத்துக்கு முந்தின இரவு வீட்டில் ஒரே மௌனம். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. காலையில் மூன்று மணிக்கு எழுந்து குளித்துவிட்டு அவளும் கிளம்பி நின்றாள். வழி முழுக்க அம்மாவுக்குப் பக்கத்தில், செருப்பில்லாமல், தண்ணீர்ப் புட்டியோடு நடந்தாள். குடத்தைத் தொடவில்லை. திரும்பி வரும்போது மனைவி என்னிடம் மெதுவாக, “வந்தாளே” என்றாள். அதற்கு மேல் நாங்கள் அதைப் பேசியதில்லை.

வாழை இலைச் சாப்பாட்டுக்கு வருகிறேன். அதில்தான் நெய்யோடு நேருக்கு நேர். தோசை என்றால் ஆர்டர் கொடுக்கும்போது சொல்லலாம். இலையில் சோறு விழுந்த அடுத்த நொடி பருப்பு விழும், அதற்கு அடுத்த நொடி நெய்க் கரண்டி தலைக்கு மேல். வாயைத் திறப்பதற்குள் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுவார்கள். ஊரில் நெய் ஊற்றாமல் போனால் பந்தியில் சண்டையே வரும். மகள் கண்டுபிடித்த வழி, சோறு விழுந்ததும் இரண்டு கையையும் அதன் மேல் குடையாகப் பிடிப்பது. பார்ப்பவர்களுக்கு ஏதோ பூஜை மாதிரி இருக்கும். ஒரு தடவை அவள் புறங்கையிலேயே நெய் விழுந்தது.

முதலில் சொன்ன, பட்டர் வைத்துக் கொடுத்தவர் அந்தக் கடையில்தான் இன்னும் இருக்கிறார். போன மாதம் போனபோது மதியக் கூட்டம். இலை போட்டார்கள். சோறு வந்தது. மகள் கையைத் தூக்கிக் குடை பிடித்தாள். அவர் நெய்த் தூக்கோடு வரிசையாக வந்துகொண்டிருந்தவர் எங்களிடம் வந்ததும் நின்றார்.

“கையை எடு பாப்பா. உனக்கு ஊத்த மாட்டேன்.”

இன்னொரு கையில் சின்ன எவர்சில்வர் கிண்ணம் வைத்திருந்தார். நல்லெண்ணெய். அவள் இலையோரத்தில் பருப்புப் பொடியை வைத்து, நடுவில் குழி பண்ணச் சொல்லி, ஊற்றினார். நாலும் இல்லாத சாப்பாடு என்று அவரே சமையல்கட்டில் சொல்லி வைத்திருக்கிறாராம், ரசமும் தனியாக வரும் என்றார். அவள் நன்றி சொல்வதற்குள் என் பக்கம் திரும்பி, தூக்கைச் சாய்த்து ஒரு கரண்டி ஊற்றினார். போதும் என்று கையைக் காட்டினேன். மறுபடி ஒரு கரண்டி.

“இது பாப்பா பங்குண்ணே” என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.